நேத்து எங்கிட்டுப் போனோம்?

தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசலைப் பார்த்து எத்தனை கேமராக்கள் நிற்கின்றன என்று எண்ணி முடியாது. தொலைக்காட்சிக்காரர்களுடையது, காவல்துறையுடையது, தலைக்கு மேலே ட்ரோன், கேலரி முழுக்கத் தூக்கிப் பிடித்த செல்போன்கள். ஒரு காளை வாசலை விட்டுப் பாய்ந்து தேங்காய் நார் பரப்பிய களத்தைக் கடந்து ஓடுகிற சில விநாடிகள் இருபது கோணத்தில் பதிவாகின்றன. மாடு பிடிபட்டதா, பிடித்தவர் திமிலை விட்டுவிட்டாரா என்று சண்டை வந்தால் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மறுநாள் காலை அதே ஊரில் என் பெரியப்பா தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "இன்னிக்கு டீக்கடைப் பக்கமே போகல. ஒரு டீ போடு" என்றார். பெரியம்மா பதில் சொல்லாமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். அந்த மௌனத்துக்கு ஒரு வருடப் பழக்கம் இருந்தது.

அவருக்கு எண்பதை நெருங்குகிறது. முப்பது வயதில் எந்த ஊர்க் காளை எந்தப் பக்கம் கொம்பைத் திருப்பியது என்பது நினைவிருக்கிறது. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர நாளாகி, கரும்பு வயலிலேயே காய்ந்த வருடம் நினைவிருக்கிறது. நேற்று மதியம் யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பது இல்லை. நோய் நினைவைத் தின்னும்போது புதிய ஓரத்திலிருந்து ஆரம்பித்துப் பழைய நடுவை நோக்கிப் போகிறது என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881இலேயே எழுதினார். அவர் எழுதியதை எங்கள் திண்ணையில் தினமும் பார்க்கிறோம்.

மதுரையில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். இன்று என்ன கிழமை, மூன்று சொற்களைச் சொல்கிறேன் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள். இந்தக் கேள்விகள் தேவையானவைதான், நோயின் அளவை விரைவாக அறிய உதவுகின்றன. ஆனால் பெரியப்பா இழந்துகொண்டிருந்தது கிழமையை இல்லை. நேற்று என்ற ஒரு முழு நாளை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இத்தனை வீடுகளிலும் இதே உரையாடல் வேறு வேறு சொற்களில் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

நினைவு என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது ஒரே பொருள் இல்லை. எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் 1972இல் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். கரும்பு எத்தனை மாதப் பயிர் என்று தெரிந்திருப்பது ஒரு வகை. அதை எங்கே, எப்போது கற்றோம் என்பது நினைவில் இருக்க வேண்டியதில்லை. நேற்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் நின்றபோது முகத்தில் வெயில் அடித்தது, பக்கத்தில் இன்னார் நின்றார் என்று அந்தக் கணத்துக்குள் திரும்பிப் போவது இன்னொரு வகை. முதலாவதை அறிவு என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வாழ்ந்த நாள். அதற்கு நிகழ்வு நினைவு என்று பெயர். அந்த வெயிலையும் கரையையும் ஆளையும் ஒரே முடிச்சாகக் கட்டுவது மூளையின் பக்கவாட்டு மடலில், உள்ளே ஆழத்தில், காதுகளின் உயரத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு உறுப்பு. அல்சைமர் நோய் வழக்கமாக முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

முடிச்சு போட்டுவிட்டால் போதாது. திரும்ப அவிழ்க்க ஒரு நுனி வேண்டும். அந்த நுனி எது?

நெதர்லாந்தின் வில்லெம் வாகனார் இந்தக் கேள்விக்கு விடை தேடித் தன்னையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். தன் வாழ்வில் நடந்தவற்றை ஆறு ஆண்டுகள் நாள்தோறும் குறித்து வைத்தார். என்ன நடந்தது, யாரோடு, எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம். மொத்தம் 2,400 நிகழ்வுகள். பிறகு ஒரே ஒரு விவரத்தை மட்டும் பார்த்து மற்ற மூன்றும் நினைவுக்கு வருகின்றனவா என்று சோதித்தார். 1986இல் முடிவை வெளியிட்டார். 'என்ன' என்பதுதான் வலுவான நுனி. 'யார்', 'எங்கே' ஆகியவை அதற்கு அடுத்து. 'எப்போது' மட்டும் இருந்தால் அநேகமாக ஒன்றுமே வரவில்லை. தேதி நம் மனத்தின் இயல்பான முகவரி இல்லை.

இதை அலங்காநல்லூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே 2015, 2016 என்று யாரும் சொல்வதில்லை. "தடை வருசம்" என்பார்கள். 2014 மே 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அடுத்த இரண்டு பொங்கலும் வாடிவாசல் திறக்கவில்லை. 2017 ஜனவரியில் போராட்டம், அதன்பின் பிப்ரவரி 10ஆம் தேதி மறுபடி மாடு அவிழ்த்தார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, கிணறு வெட்டியது, கடன் அடைத்தது எல்லாம் இந்த ஊரில் தடைக்கு முந்தி, தடைக்குப் பிந்தி என்றுதான் அடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் அவரோடு ஆய்வு செய்தவரும் 1983இல் இதே உத்தியைச் சோதித்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு இன்னது நடந்ததா என்று கேட்டால் மக்கள் அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு நடந்ததா என்று கேட்டால் பிழை குறைகிறது. அவர்களுக்கு எரிமலை, நமக்கு வாடிவாசல்.

வாகனாரின் ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கே அதுதான் காரணம். நான்கு விவரங்களையும் பார்த்த பிறகும் சில நிகழ்வுகள் அவருக்குச் சுத்தமாக வரவில்லை. அழிந்தே போய்விட்டன என்று நினைத்தார். அவற்றில் பத்து நிகழ்வுகளில் உடன் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, அன்றைக்கு என்ன நடந்தது, இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டார். அவர்கள் சொல்லச் சொல்ல, பத்துமே திரும்பி வந்தன.

இனி கேமராவுக்கு வருவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் லிண்ட்சே வில்லியம்ஸ் என்ற பெண் பொறியாளர் உருவாக்கிய கருவி சென்ஸ்கேம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்ளலாம், நெஞ்சுக்கு நேரே தொங்கும். அகன்ற பரப்பைப் பார்க்கும் மீன்கண் வில்லை. பட்டனை யாரும் அழுத்த வேண்டியதில்லை. சுமார் அரை நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும். அதற்கிடையில் வெளிச்சம் சட்டென்று மாறினாலோ, எதிரே உடல் சூடுள்ள ஒருவர் வந்து நின்றாலோ, அணிந்தவரின் அசைவு மாறினாலோ அப்போதும் ஒரு படம். ஒலி கிடையாது. படமும் இன்றைய கணக்கில் மட்டமானதுதான்.

அந்த உணரிகளின் தேர்வை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். வெளிச்சம் எப்போது சட்டென்று மாறும்? வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வரும்போது. நிலைப்படியைத் தாண்டும் கணத்தில் கேமரா விழித்துக்கொள்கிறது. நம் மனமும் நாளை அங்கேதான் வெட்டுகிறது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்று விழிக்கிறோமே, அதைக் கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற உளவியலாளர் 2011இல் சோதனை செய்து காட்டினார். ஒரே அறைக்குள் அதே தூரம் நடந்தவர்களைவிட ஒரு கதவைத் தாண்டி நடந்தவர்கள் கையிலிருந்த பொருளை அதிகம் மறந்தார்கள். மனம் ஒரு காட்சியை மூடி அடுத்ததைத் திறக்கிற இடம் வாசல். அங்கே ஒரு படம் இருந்தால், மூடியதைத் திறக்கப் பிடி கிடைக்கிறது.

கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் எம்மா பெர்ரி, நரிந்தர் கபூர் ஆகியோர் இந்தக் கருவியை ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். ஆய்வில் அவர் பெயர் திருமதி பி. 63 வயது. மூளை அழற்சி நோய் ஒன்று அவருடைய நினைவைக் கடுமையாகச் சேதப்படுத்தியிருந்தது. நடந்தது சில நாளில் துடைத்தெடுத்தாற்போலப் போய்விடும். கணவர் துணை. வழக்கத்துக்கு மாறான ஒரு வேலைக்கோ வெளியிடத்துக்கோ போகும்போது கேமராவை மாட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்து கணினியில் செருகினால் நூற்றுக்கணக்கான படங்கள் திரைப்படம்போல வேகமாக ஓடும். கணவர் முதலில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்பார், பிறகு இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரங்கள். ஒப்பிடுவதற்காக வேறு சில நிகழ்வுகளுக்குக் கேமரா இல்லாமல் நாட்குறிப்பு எழுதிவைத்துப் படித்தார்கள்.

2007இல் வெளியான முடிவு இது. படம் பார்த்த நிகழ்வுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அவரால் சொல்ல முடிந்தது. நாட்குறிப்பில் 49 சதவீதம். படிப்பதை நிறுத்தி ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது நாட்குறிப்பு நிகழ்வுகள் ஒன்றுகூட இல்லை. படங்களையோ மூன்று மாதம் பார்க்காமல் விட்ட பிறகும், நிகழ்ந்து 11 மாதம் ஆன பிறகும் அவர் சொன்னார்.

ஒரே ஒரு நோயாளி. அவருக்கு இருந்தது பெரியப்பாவின் நோயும் இல்லை. அதனால் இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஆனால் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்கலாம். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது நினைவை மறுபடி இறுகச் செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நாட்குறிப்பில் இருப்பது எழுதியவர் முக்கியம் என்று நினைத்தது. தானாக எடுத்த படத்தில் முக்கியமில்லாததும் விழுந்துவிடுகிறது. நாற்காலியின் முதுகு, யாரோ விட்டுப்போன செருப்பு, டம்ளரின் விளிம்பு. யாருக்கு எது நுனி என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அதோடு படம் எடுக்கப்பட்டது அணிந்தவரின் நெஞ்சு உயரத்திலிருந்து. கல்யாண ஆல்பத்தில் நாம் நம்மைப் பார்க்கிறோம். இதில் நாம் பார்த்ததைப் பார்க்கிறோம்.

மதுரைக்கு வடக்கே எங்கள் ஊரில் சென்ஸ்கேம் கிடைக்காது. இப்போது எங்குமே விற்பனையில் இல்லை. அதன் வழியில் வந்த ஸ்வீடன் நாட்டு நேரேட்டிவ் நிறுவனமும் 2016இல் கடையை மூடியது. பழைய செல்போன் ஒன்று வீட்டில் கிடந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் செயலியைப் போட்டேன். பெரியம்மா ஒரு மஞ்சப்பையை வெட்டிச் சின்னதாகத் தைத்து, வில்லைக்கு நேரே ஓட்டை போட்டு, கயிறு கோத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சட்டமும் சொன்னார். "குளிக்கப் போறப்ப கழட்டிரணும். பொம்பளைக உக்காந்து பேசுற எடத்துக்கு இதப் போட்டுக்கிட்டுப் போகக்கூடாது."

2013இல் பால் கெல்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அணியும் கேமரா ஆய்வுகளுக்கென்று அறநெறிகளை வகுத்தார்கள். அணிந்தவர் நினைத்தால் கழற்றவும் நிறுத்தவும் உரிமை வேண்டும், எடுத்த படங்களை ஆய்வாளர் பார்க்கும் முன் அவரே பார்த்து வேண்டாததை அழிக்க வாய்ப்பு வேண்டும், எதிரில் வருகிறவர்கள் மறுத்தால் மதிக்க வேண்டும் என்று அவை போகும். பெரியம்மா இதையெல்லாம் படிக்காமலே அதன் சாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். சாத்தாத கதவுகளின் ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமல் உள்ளே வருவார், அவர் முகமும் நம் பையில் விழும். கேட்காமல், காட்டாமல், வேண்டாம் என்றதை அழிக்காமல் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதி.

பெரியப்பாவுக்கு நான் சொன்ன விளக்கம்: "நீங்க பாக்குறத இதுவும் பாக்கும் பெரியப்பா. ரவைக்கு உக்காந்து ரெண்டு பேரும் பாப்போம்."

"பாத்து?"

"நேத்து எங்கிட்டுப் போனோம்னு தெரியும்ல."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலையைக் குனிந்து பையை வாங்கி மாட்டிக்கொண்டார். காலை ஏழு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை. அதற்கு மேல் போன் சூடாகி நெஞ்சைச் சுட்டதால் கழற்றிவிட்டார். ஆறு மணி நேரத்தில் 720 படங்கள்.

பாதிக்கு மேல் வானமும் அவருடைய முழங்காலும். அன்றாட வாழ்வைத் தானாகப் படம் பிடித்துச் சேர்க்கும் துறைக்கு இந்தப் பட வெள்ளம்தான் பெரிய சிக்கல். 1945இல் வனேவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர், வால்நட் கொட்டையைவிடச் சற்றுப் பெரிய கேமராவை நெற்றியில் மாட்டிக்கொண்டு வேலை செய்யும் வருங்கால விஞ்ஞானியைக் கற்பனை செய்தார். அந்தக் கட்டுரையின் தூண்டுதலில் கணினிப் பொறியாளர் கார்டன் பெல் தன் காகிதம், படம், பேச்சு அனைத்தையும் கணினிக்குள் ஏற்றத் தொடங்கினார். டப்ளினில் கேத்தல் கரின் என்ற ஆய்வாளர் 2006லிருந்து கேமரா அணிந்து லட்சக்கணக்கில் படங்களைச் சேர்த்தார். சேர்ப்பது எளிது. வேண்டிய ஒன்றை வேண்டிய நேரத்தில் எடுப்பதற்குத்தான் 2018 முதல் ஆண்டுதோறும் ஆய்வாளர்கள் போட்டி வைத்து முயல்கிறார்கள்.

நம் பக்கத்திலும் அணியும் கேமராவை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஐதராபாத்தை ஒட்டிய கிராமங்களில் காற்று மாசு ஆய்வுக்காக மக்கள் அணியும் கேமராவையும் தூசு அளவியையும் மாட்டிக்கொண்டு அன்றாட வேலைகளைச் செய்தார்கள். நேற்று எத்தனை நேரம் அடுப்படியில் இருந்தீர்கள் என்று கேட்டுப் பெறும் பதிலைவிட அடுப்பின் படம் நம்பகமானது என்பதுதான் அதன் அடிப்படை. ஐதராபாத்தின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம் ஈகோ4டி என்ற உலகத் திட்டத்தில் பங்கேற்றது. ஒன்பது நாடுகள், 74 இடங்கள், 900க்கும் மேற்பட்டோர் அணிந்து எடுத்த 3,670 மணி நேரக் காட்சிகள். அந்தத் திட்டம் கணினிக்கு வைக்கும் சோதனைகளில் ஒன்றுக்கு நிகழ்வு நினைவு என்றே பெயர். சாவியைக் கடைசியாக எங்கே பார்த்தேன் என்று கேட்டால் காட்சியைத் தேடிச் சொல்ல வேண்டும். சாவியைக் கணினி கண்டுபிடித்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் அப்போது அறிவது கணினி. சாவியை வைத்த கணம் நமக்குத் திரும்பியதா என்பது வேறு கேள்வி. சென்ஸ்கேமை ஆராய்ந்த அபிகேல் செலன் குழுவினர் 2007இலேயே இந்தக் கோட்டைக் கிழித்தார்கள். ஒரு படத்தைப் பார்த்து 'ஆமாம், ஞாபகம் வருகிறது' என்பது ஒன்று, 'அப்படியானால் அங்கே போயிருக்கிறேன்' என்று ஊகித்து அறிவது வேறொன்று.

படத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. லிண்டா ஹெங்கல் 2014இல் காட்டியபடி, அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைப் படம் எடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிட அதைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். கேலரியில் போனைத் தூக்கியவர்களுக்கு இது பொருந்தும். தானாக எடுக்கும் கேமரா கவனத்தை அப்படிப் பறிப்பதில்லை. ஆனால் பெக்கி செயின்ட் ஜாக், டேனியல் சாக்டர் இருவரின் 2013 ஆய்வு எனக்குக் கவலை தந்தது. கேமரா அணிந்து அருங்காட்சியகம் சுற்றியவர்களுக்குப் பின்னர் அவர்கள் பார்த்தவற்றின் படங்களைக் காட்டி நினைவைத் தட்டி எழுப்பினார்கள். உண்மை நினைவு வலுத்தது. அப்போதே அவர்கள் போகாத இடத்தின் படத்தையும் நடுவில் காட்டியபோது, அதையும் போய்ப் பார்த்ததாகப் பின்னாளில் சிலர் நம்பினார்கள். எழுப்பப்பட்ட நினைவு இளகிய மண். கால் வைப்பவரின் தடம் பதிந்துவிடும்.

அதனால் அன்றிரவு நான் எனக்கு ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். இது யார், அவர் இன்னார்தானே என்று எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நிற்கிற படங்களில், "அப்புறம்?" என்று மட்டும் கேட்பேன்.

முதல் இரவு ஒன்றும் வரவில்லை. யாரோ ஒருவருடைய நாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தோம். நிலைப்படி, தெரு, படுத்திருந்த நாய், பால்காரரின் சைக்கிள் கேன். டீக்கடையின் பாய்லர் வந்ததும் விரலை வைத்து நிறுத்தச் சொன்னார்.

"சில்லறை இல்லைன்டான்."

"அப்புறம்?"

"நூறு ரூவாத் தாளக் குடுத்தேன். காலங்காத்தால இல்லைங்கய்யா, பெறகு குடுங்கன்டு திருப்பிக் குடுத்துட்டான். டீக்காசு குடுக்கணும்டா அவனுக்கு."

நான் படங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். பாய்லருக்கும் காலி டம்ளருக்கும் நடுவே, மங்கல் என்று நின்று பார்க்காமல் இரண்டு முறையும் நான் கடந்துபோன படம் ஒன்று இருந்தது. இரண்டு கைகள். அவற்றுக்கிடையே ஊதா நிறத்தில் கசங்கிய ஏதோ ஒன்று.

தலையை நிமிர்த்தியபோது பெரியப்பா எழுந்து கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். "கடை சாத்திருப்பானோ?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.